பழைய டீசல் ஜீப் எத்தனை வோல்ட்? 6, 12, 24 என்று உறுதியாகக் கண்டுபிடிக்கும் முறை

நீலகிரியில் ஓடும் ஒரு பழைய டீசல் ஜீப்பின் பானெட்டைத் திறந்து பார்த்தால் பேட்டரி எத்தனை வோல்ட் என்று தெரிந்துவிடும். வண்டி எத்தனை வோல்ட் என்று தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு பல்பு, ஹீட்டர் பிளக் (குளிரில் டீசல் பற்றிக்கொள்ளச் சூடு கொடுப்பது), செல்ஃப் மோட்டார் (என்ஜினைச் சுற்றிக் கிளப்புவது) என்று வாங்கிக் குவித்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்.

ஏன் இப்படி ஆகிறது? மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய டீசல் என்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பிறகு மின்சாரம் கேட்காது. பெட்ரோல் வண்டியில் தப்பான பேட்டரி வைத்தால் இக்னிஷன் காயில் அன்றே காட்டிக்கொடுக்கும். டீசலில் அந்தக் காட்டிக்கொடுப்பு இல்லை. அதோடு மலையில் வண்டி நிறுத்துகிறவர் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். காலையில் உருட்டிவிட்டு, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் வண்டி பிடித்துக்கொள்ளும். செல்ஃபைத் தொடாமலே வருஷக்கணக்கில் ஓடும் ஜீப்புகள் கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் எத்தனையோ. அப்படிப்பட்ட வண்டியில் தப்பான வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்பார்கள், அவ்வளவுதான்.

வண்டி கை மாறிய கதை வேறு. எஸ்டேட்டில் இலை மூட்டை ஏற்றியது, பிறகு கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் வியாபாரிக்குப் போனது, அதற்கு முன்னால் ராணுவ ஏலத்தில் வந்தது என்று ஒவ்வொரு கையும் ஒயரிங்கில் ஏதாவது ஒன்றை மாற்றியிருக்கும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜின் ஏற்றிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். என்ஜினோடு வந்த செல்ஃபும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் ஒரு வோல்ட், டேஷ்போர்டு மீட்டர்கள் இன்னொரு வோல்ட் என்று இருக்கும்.

ஆகவே ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் அல்லது டைனமோ, ஹீட்டர் பிளக் ஆகிய நான்கும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். நான்கில் ஒன்று மாறிச் சொன்னாலும், காரணம் தெரியும்வரை எந்தப் பாகமும் வாங்காதீர்கள்.

எந்த வண்டியில் எதை எதிர்பார்க்கலாம்

இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி 6 வோல்ட். சிஜே-3பி மாடலின் ஆரம்ப வண்டிகளும் 6 வோல்ட்தான், பிந்தியவை 12. 1950-ஐ ஒட்டி வந்த ராணுவ எம்38 முழுக்க 24 வோல்ட். இவை எல்லாம் பெட்ரோல் வண்டிகளாகப் பிறந்தவை. இன்று டீசலோடு மலையில் ஓடுகிறது என்றால் நடுவில் யாரோ என்ஜின் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பியூஜோ எக்ஸ்டிபி 4.90 என்ஜின் வைத்து வந்த மஹிந்திரா எம்எம்540 வகை ஜீப்புகள் 12 வோல்ட். சீரீஸ் லேண்ட் ரோவர் டீசலும் 12 வோல்ட். ஆனால் ரேடியோ பொருத்துவதற்கென்று தயாரான அதன் ராணுவ வகை 24. டொயோட்டா லேண்ட் க்ரூசர் பிஜே வகைகளில் 12-ம் உண்டு, 24-ம் உண்டு. ஒரே தோற்றத்தில் இரண்டும் இருப்பதால் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தப் பட்டியலைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மாடல் பெயர் ஒயரிங்குக்கு உத்தரவாதம் தராது.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, டிசி 200 வோல்ட் ரேஞ்சும் 200, 2000 ஓம் ரேஞ்சுகளும் உள்ளதாக. கம்பித் தூரிகை, கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய துணி, டார்ச், ஒரு சிறிய கண்ணாடி, பேட்டரி டெர்மினலுக்கேற்ற ஸ்பேனர். சக்கரத்துக்கு வைக்க இரண்டு நல்ல கல். சாவி திருப்ப இன்னொரு ஆள். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

டெஸ்ட் லேம்ப் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். 12 வோல்ட் பல்பு 9 வோல்ட்டிலும் எரியும், 14 வோல்ட்டிலும் எரியும். எவ்வளவு என்று அது சொல்லாது.

கை வைப்பதற்கு முன் மோதிரம், உலோகப் பட்டை வாட்ச் இரண்டையும் கழற்றுங்கள். பேட்டரிப் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது வருவது ஹைட்ரஜன். கழற்றும்போது எர்த் ஆன, அதாவது வண்டியின் உடம்போடு இணைந்த டெர்மினலை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். எர்த் ஆன டெர்மினல் என்றால் நெகட்டிவ் என்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய வண்டியில் அது பாசிட்டிவாகவும் இருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கண்ணால்

பேட்டரியின் மேலே மூடிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு மூடியும் ஒரு செல். ஒரு செல் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். 3 மூடி என்றால் 6 வோல்ட் பேட்டரி, 6 மூடி என்றால் 12 வோல்ட் பேட்டரி. மூடி இல்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்றால் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே பேட்டரி இருந்தால் பேட்டரியின் வோல்ட்டும் அமைப்பின் வோல்ட்டும் ஒன்று, இப்போதைக்கு. இரண்டு பேட்டரி இருந்தால் 24 வோல்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிக்கல் தொடங்குவதே இங்கேதான். மூன்று வகையாக இருக்கலாம்.

ஒரு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மற்றதன் நெகட்டிவுக்கு இணைப்புக் கேபிள் போனால் அது சீரீஸ். டார்ச்சில் செல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறோமே, அதுதான். 12-ம் 12-ம் சேர்ந்து 24. பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று இரண்டு கேபிள் போனால் அது பேரலல். வோல்ட் 12-தான், ஆம்பியர் மட்டும் இரட்டிப்பு. குளிர் ஊரில் டீசலைக் கிராங்க் செய்வதற்காக, அதாவது செல்ஃபால் சுற்றிக் கிளப்புவதற்காக இப்படிப் போடுவது உண்டு. மூன்றாவது, பழைய லேண்ட் ரோவர் டீசலில் வந்தது: இரண்டு 6 வோல்ட் பேட்டரியை சீரீஸில் போட்டு 12 வோல்ட். ஒன்று பானெட்டுக்குள், இன்னொன்று சீட்டுக்கு அடியில். பானெட்டுக்குள் இருப்பதை மட்டும் பார்த்தவர் 6 வோல்ட் வண்டி என்பார், இரண்டையும் பார்த்து மூடியை எண்ணாதவர் 24 என்பார். இரண்டுமே தப்பு. பேட்டரி ஒன்றுதான் கண்ணில் படுகிறது என்றால் சீட்டைத் தூக்கியும், பின்பக்கப் பெட்டியைத் திறந்தும் பாருங்கள். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே கடைசிவரை போனால் ஒளிந்திருப்பது கிடைத்துவிடும்.

ராணுவ ஏலத்தில் வந்த வண்டியில் திருகி மாட்டும் வாட்டர்ப்ரூஃப் சாக்கெட்டுகள், உலோக உறை போட்ட ஒயர், பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் தடித்த வட்ட ஜம்ப் சாக்கெட் இருந்தால் 24 வோல்ட்டாகப் பிறந்ததற்கு வாய்ப்பு அதிகம். இன்றும் அப்படியே இருக்கிறதா என்பதை மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

மீட்டர் வைத்து அளப்பது

வண்டி ஓடி நின்று சில மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் போட்டு அணைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அளங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் அளவைக் கூட்டிக் காட்டும்.

முதலில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக, ஈயப் போஸ்ட்டின் மேலேயே வைத்து அளக்கவும். கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது, கிளாம்புக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி வோல்ட்டைத் தின்னும். நிறைய சார்ஜ் இருந்தால் 6 வோல்ட் பேட்டரி 6.3 முதல் 6.4, 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.7. பாதி சார்ஜில் 12 வோல்ட் பேட்டரி 12.2 அளவுக்கு வரும், 11.9-க்குக் கீழே போனால் காலி.

இங்கே இரண்டு பொறி உண்டு. 10.5 வோல்ட் அளவில் நின்றால் அது 12 வோல்ட் பேட்டரிதான், ஒரு செல் செத்திருக்கிறது. ஷெட்டில் பல மாதம் கிடந்த 12 வோல்ட் பேட்டரி 6 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால், மீட்டரை மட்டும் பார்த்து 6 வோல்ட் என்று எழுதிவிடாதீர்கள். மூடியை எண்ணியது இதற்காகத்தான்.

அடுத்தது அமைப்பின் வோல்ட். செல்ஃப் மோட்டாரில் பேட்டரிக் கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டில் சிவப்பு முனை, என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத சுத்தமான இடத்தில் கறுப்பு முனை. இங்கே வருவது 12.6 என்றால் செல்ஃபுக்கு 12, 25.2 அருகில் என்றால் 24. முன்னால் மைனஸ் குறி வந்தால் வண்டி பாசிட்டிவ் எர்த். அந்தக் குறியைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, சாவியை ஆன் செய்து ஹெட்லைட் ஹோல்டரிலும் ஃப்யூஸ் பெட்டியிலும் அளங்கள். செல்ஃபில் வந்த அதே எண் வர வேண்டும். ஹோல்டரில் 8, 9 என்று வந்தால் அது ஏதோ புது வோல்ட் இல்லை, எர்த் கெட்டிருக்கிறது. மூடுபனியில் வருஷம் முழுக்க நனையும் வண்டியில் பாடி எர்த் துருப்பிடிப்பது சகஜம். கறுப்பு முனையை ஹோல்டரின் எர்த்தில் வைக்காமல், ஒரு நீள ஒயர் போட்டு நேராகப் பேட்டரியின் எர்த் போஸ்ட்டில் வைத்து மறுபடி அளந்தால் உண்மை எண் வந்துவிடும்.

நான்காவது, கிராங்க் சோதனை. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். இந்தக் கல்லை மறந்தால் மலைச்சரிவில் வண்டி போய்க்கொண்டே இருக்கும். என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, என்ஜின் பிடிக்காதபடி ஐந்து விநாடி கிராங்க் செய்யச் சொல்லுங்கள். மீட்டர் செல்ஃப் போல்ட்டிலேயே இருக்கட்டும். 12 வோல்ட் அமைப்பு 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது, 24 வோல்ட் அமைப்பு 19.2-க்குக் கீழே இறங்கக் கூடாது. உறைபனிக் காலையில் கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம்.

கடைசியாக என்ஜினை ஓட்டி, ஐடிலைவிடக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, பேட்டரியில் அளங்கள். 6 வோல்ட் அமைப்பு 7 முதல் 7.4 வரை, 12 வோல்ட் 13.8 முதல் 14.4 வரை, 24 வோல்ட் 27.6 முதல் 28.8 வரை ஏற வேண்டும். அறவே ஏறாமல் நின்றாலோ, 12 வோல்ட் பேட்டரி 15-ஐத் தாண்டி ஏறினாலோ ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். 12 வோல்ட் ஆல்டர்னேட்டரை 24 வோல்ட் வண்டியில் மாட்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 24-ஐப் பார்த்ததும் "போதும், நிரம்பிவிட்டது" என்று ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளான ஃபீல்டை நிறுத்திவிடும், சார்ஜே ஏறாது. தலைகீழாக 24 வோல்ட் ஆல்டர்னேட்டர் 12 வோல்ட் பேட்டரியில் இருந்தால் ரெகுலேட்டர் 28 வரும் என்று காத்துக்கொண்டே முழு வேகத்தில் தள்ளும். பேட்டரி கொதிக்கும், வாரத்துக்கு ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர் குடிக்கும், பெட்டியின் பக்கவாட்டு உப்பும். இப்படி உப்பிய பேட்டரியைப் பார்த்தால் பேட்டரிக் கம்பெனியைத் திட்டும் முன் ஆல்டர்னேட்டர் தகட்டைப் படியுங்கள்.

தகடு சொல்வது

செல்ஃப் மோட்டாரின் உடம்பில் ரிவெட் அடித்த தகடோ, குத்திய எண்ணோ இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள், கம்பித் தூரிகையை மெல்லப் போடுங்கள். அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தகடு என்ஜின் பக்கம் திரும்பியிருந்தால் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் படிக்கலாம், அல்லது செல்போனை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். 12 என்றோ 24 என்றோ, அதற்குப் பக்கத்தில் கிலோவாட்டோ இருக்கும்.

நான்கு சாட்சிகளில் நாம் அதிகம் நம்புவது இந்தச் செல்ஃப் தகட்டைத்தான். பேட்டரியை யாரும் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். செல்ஃபை மாற்ற வேண்டுமென்றால் என்ஜினுக்கும், செல்ஃபின் பல் கடிக்கும் ரிங் கியருக்கும் பொருந்த வேண்டும், ஆகவே பெரும்பாலும் என்ஜினோடு வந்ததே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரீவைண்டிங் கடையில் 24 வோல்ட் மோட்டாரை 12-க்குக் காயில் மாற்றிக் கட்டியிருந்தால் தகடு பழைய எண்ணையே சொல்லும். உடம்பில் புது வார்னிஷ் வாசனையோ, மாறிய போல்ட்டுகளோ தென்பட்டால் கிராங்க் சோதனையில் சுற்றும் வேகத்தைக் கவனியுங்கள்.

பழைய டைனமோ என்றால் டி, எஃப் என்று இரண்டு டெர்மினல், தனியாக, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஒரு கட்-அவுட் பெட்டி. வோல்ட்டை டைனமோவில் தேடுவதைவிடக் கட்-அவுட் பெட்டி மூடியில் தேடுங்கள், அங்கே குத்தியிருப்பார்கள். டைனமோவைத் தனியாக ஓட்டி அளப்பதில் பயனில்லை. கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் 12 வோல்ட் டைனமோவே 20-ஐ எட்டும்.

தகடு எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை, ஆனால் ரிலே (காயிலால் இயங்கும் சிறிய ஸ்விட்ச்) இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. ரிலேயைக் கழற்றி காயிலின் இரண்டு காலில் ஓம் அளங்கள். சாதாரண 12 வோல்ட் ரிலே காயில் 80 முதல் 100 ஓம் வரும், 24 வோல்ட் காயில் 300-ஐத் தாண்டும். வோல்ட் இரட்டித்தால் அதே வாட்டுக்கு நான்கு மடங்கு ஓம் வேண்டும் என்ற கணக்குதான்.

ஹீட்டர் பிளக்: அதிகம் ஏமாற்றுவது இதுதான்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கம்ப்ரஷன் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும். டிசம்பர், ஜனவரியில் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், எக்ஸ்டிபி போன்ற ப்ரீ-சேம்பர் (டீசல் முதலில் ஒரு சிறிய அறையில் எரியத் தொடங்கும்) என்ஜின் ஹீட்டர் பிளக் இல்லாமல் பிடிக்கவே பிடிக்காது. மேட்டுப்பாளையத்தில் பிரச்சினையே இல்லாமல் ஓடிய வண்டி மேலே வந்து படுத்துக்கொள்வது இதனால்தான். அதனால் இங்கே வோல்ட் தப்பினால் முதலில் தெரிவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் பிளக்குகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். எல்லாப் பிளக்குகளின் தலையையும் ஒரே பித்தளைப் பட்டையோ ஒயரோ தொடுகிறது, ஒவ்வொன்றும் உடம்பு வழியாக எர்த் ஆகிறது என்றால் பேரலல். ஒவ்வொரு பிளக்குக்கும் முழு வோல்ட் போகும். பிளக்கில் 10.5, 11, 11.5 என்று ஏதாவது குத்தியிருந்தால் 12 வோல்ட் அமைப்புக்கானது. 20.5 முதல் 23 வரை இருந்தால் 24-க்கானது. அமைப்பு எண்ணைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பிளக்கில் இரண்டு டெர்மினல் இருந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒயர் தாவிப் போய்க் கடைசிப் பிளக் மட்டும் எர்த் ஆனால் அது சீரீஸ். பழைய லேண்ட் ரோவர் டீசலில் இதுதான், கூடவே ஃபயர்வாலில் ஒரு ரெசிஸ்டன்ஸ் காயிலும் இருக்கும். இங்கே ஒவ்வொரு பிளக்கும் 2 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். பிளக்கில் இருக்கும் எண்ணைப் பார்த்து அமைப்பின் வோல்ட் சொல்ல முடியாது. ஒரு பிளக் போனால் மொத்தமும் போகும். சிலர் இதைச் சரிசெய்கிறேன் என்று சீரீஸ் பிளக்கை பேரலல் பட்டையில் மாட்டிவிடுவார்கள், சாவி திருப்பிய சில விநாடிகளில் எல்லாம் சாம்பல்.

வேறொரு வகை, சீக்கிரம் சூடாகும் பிளக். 5, 6 வோல்ட் என்று எழுதியிருக்கும். டைமரோ ரெசிஸ்டரோ நடுவில் இருந்து வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும். பிளக்கில் 6 என்று இருக்கிறது என்பதற்காக வண்டி 6 வோல்ட் ஆகாது.

எழுத்தே தெரியாத பேரலல் பிளக்கை ஓம் வைத்துப் பிரிக்கலாம். பட்டையைக் கழற்றிவிட்டு பிளக் தலைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளக்கவும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். மலிவான ஒயரே அரை ஓம் காட்டும். மெதுவாகச் சூடாகும் 12 வோல்ட் பிளக் 1 ஓமை ஒட்டி வரும், 24 வோல்ட் பிளக் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. முடிவில்லாத ஓம் என்றால் பிளக் எரிந்துபோயிருக்கிறது. கிளாம்ப் மீட்டர் இருந்தால் 12 வோல்ட்டில் நான்கு பிளக்கும் சேர்ந்து 30 முதல் 40 ஆம்பியர் இழுப்பதைப் பட்டைக்கு வரும் ஒயரில் பார்க்கலாம்.

தப்பினால் என்ன ஆகும்? சூடு வோல்ட்டின் வர்க்கத்தில் ஏறும். 24 வோல்ட் பிளக்கை 12-ல் போட்டால் கால் பங்கு சூடு, ஒரு நிமிஷம் பிடித்தாலும் சிவக்காது. 12 வோல்ட் பிளக்கை 24-ல் போட்டால் நான்கு மடங்கு. நுனி உருகி, உடைந்து ப்ரீ-சேம்பருக்குள் விழும். அங்கிருந்து பிஸ்டன் மேல். ஒரு பிளக் விலையில் முடிய வேண்டியது ஹெட் கழற்றும் வேலையாகிவிடும்.

நம்பக் கூடாதவை

பல்பு. 12 வோல்ட் எச்4 பல்பில் 60/55 வாட் என்றும், 24 வோல்ட் பல்பில் 75/70 வாட் என்றும் இருக்கும். ஆனால் பல்பு கடைசியாக வாங்கியவரின் கருத்தைத்தான் சொல்லும். 24 வோல்ட் பல்பு 12-ல் மஞ்சளாக மினுங்கிக்கொண்டே வருஷக்கணக்கில் எரியும், யாரும் மாற்ற மாட்டார்கள். எல்ஈடி இன்னும் மோசம். 9 முதல் 32 வோல்ட் வரை எதிலும் எரியும் வகை நிறைய வருகிறது.

டீசல் கேஜ், டெம்பரேச்சர் கேஜ். பழைய பிரிட்டிஷ் வகை மீட்டர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் இருக்கும். 12-ஐ விட்டுவிட்டு வெட்டி, சராசரி 10 வோல்ட்டாகக் கொடுக்கும். அங்கே மீட்டர் வைத்தால் எண் துள்ளிக்கொண்டே இருக்கும், அது கோளாறு இல்லை. 6 வோல்ட்டாகப் பிறந்து 12-க்கு மாறிய ஜீப்பில் பழைய கேஜை அப்படியே விட்டு, பின்னால் ஒரு ரெசிஸ்டரைத் தொங்கவிட்டிருப்பார்கள். கேஜின் எண் அந்த வண்டியின் கடந்தகாலம், நிகழ்காலம் இல்லை.

ஹாரன், வைப்பர் மோட்டார் இரண்டும் ஊர்க் கடையில் கிடைத்ததை மாட்டியவை. எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கலப்பு அமைப்புகள்

24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து 12 எடுப்பது நம்மூர்ப் பழக்கம். இரண்டு பேட்டரியும் சேரும் நடு இணைப்பில் கூடுதலாக ஒரு ஒயர் தொங்கினால் அதுதான். ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தால் ஒன்று 13-ஐ ஒட்டியும் மற்றது 15-ஐ ஒட்டியும் நிற்கும். சுமை தாங்கும் பேட்டரி எப்போதும் பசியிலேயே இருக்கும், மற்றது கொதித்து வற்றும். அந்த ஒயரை அறுத்துவிட்டு, 24-லிருந்து 12-க்குக் குறைக்கும் கன்வெர்ட்டர் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று அரிதானது, ஆனால் தலையைச் சுற்றவைக்கும்: வண்டி முழுக்க 12, செல்ஃப் மட்டும் 24. ஓய்வில் இரண்டு பேட்டரியும் பேரலல், சாவியைத் திருப்பும்போது ஒரு மாற்று ஸ்விட்ச் அவற்றை சீரீஸ் ஆக்கும். டொயோட்டா எச்டிஜே80 வண்டிகள் சிலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. அடையாளம் எளிது. செல்ஃபில் வைத்த மீட்டர் கிராங்க் செய்யும்போது இறங்காமல், 12-லிருந்து 20-க்கு ஏறும். இதைப் பார்க்காமல் செல்ஃப் தகட்டில் 24 என்று படித்துவிட்டு எல்லாப் பல்பையும் 24-க்கு மாற்றினால் இருட்டில்தான் வீடு போக வேண்டும்.

எர்த் எந்தப் பக்கம்

வோல்ட் தெரிந்தால் மட்டும் போதாது. 1960-களின் பின்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் சேஸிஸில் எர்த். பேட்டரியின் இரண்டு போஸ்ட்டில் தடித்தது பாசிட்டிவ். சேஸிஸுக்குப் போகும் கேபிள் எந்தப் போஸ்ட்டிலிருந்து போகிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டரை மாட்டினால் உள்ளே இருக்கும் டயோடுகள் நொடியில் போகும்.

பாதி வழியில் பேட்டரி இறங்கினால்

கல்லட்டி இறக்கத்திலோ கூடலூர் ரோட்டிலோ வண்டி நின்றால் உதவிக்கு வருவது பெரும்பாலும் பஸ் அல்லது லாரி. கனரக வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட். அதிலிருந்து நேராக ஜம்ப் கேபிள் போட்டால் 12 வோல்ட் ஜீப்பின் பல்பு, ரெகுலேட்டர், ஹீட்டர் பிளக் டைமர் எல்லாம் ஒரே மூச்சில் போகும். செல்ஃப் தாங்கினாலும் அதன் பல்சக்கரமான பினியன் பாய்ந்து அடிப்பதில் ரிங் கியர் பல் உடையும். லாரியின் இரண்டு பேட்டரிகளில் சேஸிஸுக்கு எர்த் ஆன ஒன்றை மட்டும் தேர்ந்து, அதன் இரண்டு போஸ்ட்டிலிருந்து மட்டும் கேபிள் எடுங்கள். மாட்டும் முன் கேபிளின் மறுமுனையில் மீட்டர் வைத்து 12.6 வருகிறதா என்று பாருங்கள். லாரி என்ஜின் அணைந்திருக்கட்டும், இரண்டு வண்டியின் உடம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உங்கள் ஜீப் பாசிட்டிவ் எர்த் என்றால் இந்த இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். மீட்டர் கையில் இல்லையென்றால் ஜம்ப்பை விட்டுவிட்டு நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள். இறக்கத்துக்கா பஞ்சம்?

எல்லாம் அளந்து முடித்தபின் பேட்டரிப் பெட்டியின் உள்மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்: அமைப்பு எத்தனை வோல்ட், எர்த் எந்தப் பக்கம், ஹீட்டர் பிளக் சீரீஸா பேரலலா, பிளக்கில் குத்தியிருக்கும் எண் என்ன. அடுத்தமுறை கோவையில் பாகம் வாங்க ஆள் அனுப்பும்போது அந்த மூடியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.